காண்போர் இழப்பது யாது? துவிச்சக்கரவண்டி ஓட்டமும் ஊக்கமருந்தும்

போட்டி எனப்படுவது எதுவாயினும் அதன்கண் மூவகையினர் பங்குகொள்வர். போட்டியிடுவோர் ஒரு வகையினர். நடுநின்று முடிவு கூறுவோர் மற்றொரு வகையினர். புறத்தே நின்று காண்போர் மூன்றாம் வகையினர். முதலிரு வகையினர்க்கும் பரிசும் ஊதியமும் புகழும் உரியனவாகும். காண்போருக்கோ அவற்றுள் எதுவுமில்லை. அவர் தமது காலத்தையும் அன்பையும் கொடுத்து மகிழ்ச்சி ஒன்றையே பெற்றுச் செல்கின்றார். அவற்றோடு அவர் கொடுக்கும் வேறொரு பொருளும் உண்டு. தம் கண்முன்னே நிகழ்வது மெய்யே என்னும் நம்பிக்கையே அது. அந்நம்பிக்கை இல்லையாயின் எத்துணை விரைந்த ஓட்டமும் பொருளற்ற அசைவாகவே முடியும்.

வீரரொருவர் ஊக்கமருந்து உட்கொண்டு வென்றார் என்ற செய்தி வெளிப்படும்போது, தோற்றவர்க்கு நேர்ந்த அநீதி பற்றியும், குற்றவாளிக்குரிய தண்டனை பற்றியும் பலரும் பேசுவர். காண்போருக்கு நேர்ந்த இழப்பு அத்துணை விரிவாக ஆராயப்படுவதில்லை. “வேடிக்கை பார்த்தவர்தாமே, அவர் இழந்ததென்ன?” எனக் கேட்பாரும் உளர். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனோடு தொடர்புடைய பிறிதொரு வினாவும் உண்டு. ஒரே குற்றத்தைச் செய்த இருவருள் ஒருவர்க்கு மக்கள் இரங்குவதும், மற்றவரை வெறுப்பதும் ஏன்? இவ்விரு வினாக்களையும் ஆராய்தற்கு ஐரோப்பாவின் தொழில்முறைத் துவிச்சக்கரவண்டி ஓட்டத்தின் வரலாறு தக்க சான்றாக அமைகின்றது.

அவ்வோட்டங்களுள் தலையாயது ‘தூர் த பிரான்ஸ்’ எனப்படும் பிரான்சு நாட்டுச் சுற்றோட்டமாகும். ‘லோத்தோ’ என்னும் விளையாட்டுப் பத்திரிகை தனது விற்பனையைப் பெருக்கும் பொருட்டு 1903 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. இன்று இவ்வோட்டம் ஆண்டுதோறும் மூன்று வார காலத்தில், 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர் தூரம் நிகழ்கின்றது. சமவெளிகளையும் பிரனீஸ், அல்ப்ஸ் மலைத்தொடர்களையும் வீரர் கடத்தல் வேண்டும். எல்லாக் கட்டங்களினதும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும்போது எவருடைய நேரம் மிகக் குறைந்துள்ளதோ அவர் மறுநாள் மஞ்சட்சட்டை அணிந்து ஓடுவர். 1919 ஆம் ஆண்டு முதல் வழங்கும் இம்மரபு, அப்பத்திரிகை அச்சிடப்பட்ட மஞ்சட்டாளின் நிறத்தை நினைவூட்டுவதாகும்.

இவ்வோட்டத்தைக் காண்பதற்கு அரங்கமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஊர்களினூடாகச் செல்லும் பொதுவீதியே அரங்கம். மலையேற்றம் நிகழும் நாட்களில் மக்கள் முதல்நாளே குடும்பத்தோடு வந்து வீதியோரத்தில் இடம்பிடித்துக் காத்திருப்பர். நம்மூர்களில் தேர் வரும் வீதியில் மக்கள் காத்துநிற்கும் காட்சியை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். பல மணிநேரம் காத்திருந்தோர் முன்னால் வீரர் சில கணங்களிற் கடந்து செல்வர். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் வேகம் குறைவதால் வீரரின் முகத்தைக் கையெட்டும் தூரத்திற் காண இயலும். வியர்வையும், திறந்த வாயும், நடுங்கும் தோளும் கண்முன்னே தோன்றும். ஆகவே இவ்விளையாட்டின் இரசிகர் விரும்புவது வேகத்தை மட்டுமன்று. மனிதனொருவன் துன்பத்தைத் தாங்கி மேலேறுகின்றான் என்பதையே அவர் விரும்புகின்றார். பிற விளையாட்டுக்களில் மருந்து வெற்றியைப் பொய்யாக்கும். இவ்விளையாட்டிலோ காண்போர் போற்றிய துன்பத்தையே பொய்யாக்கும். ஏமாற்றம் இங்கே ஆழமாதற்கு இது முதற் காரணமாகும்.

வஞ்சனை இவ்வோட்டத்திற்குப் புதியதன்று. 1904 ஆம் ஆண்டின் இரண்டாவது சுற்றோட்டத்தில் முதல் நான்கு இடங்களையும் பெற்றோர், விதிமீறியமைக்காகப் பின்னர் நீக்கப்பட்டனர். முந்திய ஆண்டு வென்ற மொறீஸ் கரன் என்பாரும் அவர்களுள் ஒருவர். ஐந்தாமவராக வந்த, பத்தொன்பதே வயதினரான ஆன்றி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். அவ்வாண்டில் இரசிகரும் குற்றமற்றவராக இருந்திலர். தம்மூர் வீரர் முந்தவேண்டும் என்னும் ஆவலால், வீதியை மறித்து ஏனையோரைத் தாக்கியோரும், ஆணிகளை இறைத்தோரும் அவருள் இருந்தனர். காண்போர் எக்காலத்தும் வெறும் சாட்சிகளாக மட்டும் இருந்ததில்லை என்பதை இங்கே மனங்கொள்ளல் தகும்.

மருந்துகளின் பயன்பாடும் நெடுங்காலம் மறைபொருளாக இருந்ததில்லை. 1924 ஆம் ஆண்டில் ஆன்றி பெலிசியே, பிரான்சிஸ் பெலிசியே என்னும் சகோதரர் ஓட்டத்தினின்றும் இடையில் விலகினர். அவர்கள் குத்தான்ஸ் என்னும் ஊரில் ஒரு சிற்றுண்டிச்சாலையிலிருந்து அல்பேர் லோந்திர் என்னும் பத்திரிகையாளருக்குத் தம் பைகளைத் திறந்து காட்டினர். கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுக்குக் குளோரபோம், இன்னும் பலவகை மாத்திரைகள் அவற்றுள் இருந்தன. அச்செய்தியைப் படித்தோர் வீரரை வெறுத்தாரல்லர். இத்தகைய கொடிய ஓட்டத்தை நடத்துவோரையே குறைகூறினர். அக்காலத்து வீரர் பலர் சுரங்கத் தொழிலாளர், உழவர் முதலியோரின் புதல்வராவர். கடுந்தொழில் செய்பவன் களைப்பைப் போக்க ஏதோ உட்கொள்கின்றான் என்றே மக்கள் கருதினர்.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் அம்பெற்றமீன் வகை மருந்துகள் பரவின. இவை மூளையைத் தூண்டிக் களைப்பின் உணர்வை மறைப்பன. சுற்றோட்டத்தில் ஐந்துமுறை வென்ற ஷாக் ஆங்க்தில், நீரை மட்டும் அருந்திக்கொண்டு நெடுந்தூர ஓட்டங்களை முடிக்கலாம் என எண்ணுவோர் அறிவிலிகள் என்னும் பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். 1965 இல் பிரான்சு அரசு ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1966 இல் சுற்றோட்ட வீரரிடம் முதன்முறையாகச் சிறுநீர்ப் பரிசோதனை நடத்தப்பட்டபோது, வீரர் மறுநாள் வண்டியினின்றும் இறங்கி நடந்து தமது எதிர்ப்பைக் காட்டினர்.

அடுத்த ஆண்டிலேயே அம்மருந்தின் கொடுமை யாவருக்கும் புலனாயிற்று. 1967 யூலை 13 ஆம் நாள், கடும்வெயிலில், வொந்தூ மலையின் சிகரத்தை அணுகும் வேளையில் தொம் சிம்சன் என்னும் ஆங்கில வீரர் நிலைதளர்ந்து வீழ்ந்தார். மீண்டும் வண்டியில் ஏற்றிவிடப்பட்டுச் சிறிது தூரம் சென்று மறுபடியும் வீழ்ந்தார். அன்றே உயிர் நீத்தார். 1965 இல் உலகச் சம்பியனாகத் திகழ்ந்த அவருக்கு அப்பொழுது வயது 29. அவருடைய உடலில் அம்பெற்றமீனும் மதுவும் இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. அவர் வீழ்ந்த இடத்திற்கு அண்மையில் நினைவுக்கல் ஒன்று நிற்கின்றது. இன்றும் அம்மலையில் வண்டியோட்டிச் செல்வோர் அங்கே தங்கித் தொப்பி, நீர்ப்போத்தல் முதலியவற்றை வைத்து வணங்கிச் செல்கின்றனர். அவர் மருந்து உட்கொண்டதை அறிந்தே அவர்கள் அவ்வாறு செய்கின்றனர் என்பது சிந்தித்தற்குரியது.

1980 களின் இறுதியில் வேறொரு வகை மருந்து தோன்றியது. எரித்திரோபொயிற்றின் என்பது மனிதரின் சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஓர் ஓமோன்; சுருக்கமாக ஈ.பி.ஓ. என்பர். இது என்பு மச்சையைத் தூண்டிச் செங்குருதிக் கலங்களை ஆக்குவிக்கும். அக்கலங்களே தசைகளுக்கு ஒட்சிசனைக் கொண்டுசெல்வன. சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகையை நீக்கும் பொருட்டு ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட இம்மருந்தை ஓட்டவீரர் தமது உடலிற் செலுத்தலாயினர். பழைய மருந்து களைப்பை மறைத்ததேயன்றி உடலின் ஆற்றலைப் பெரிதும் மாற்றவில்லை. புதிய மருந்தோ உடலின் ஆற்றலையே உயர்த்தியது. முன்னர் நடுத்தரமாக இருந்தவர் மலைகளில் முதல்வராக ஏறவும், உண்மையாற்றல் உடையோர் பின்தங்கவும் இது வழிவகுத்தது. குருதி தடித்து இதயத்துக்கு இடர் விளைதலும் உண்டு.

இயல்பான ஓமோனோடு இதனைப் பிரித்தறியும் பரிசோதனை 2000 ஆம் ஆண்டு வரை நடைமுறைக்கு வரவில்லை. 1997 முதல், குருதியில் செங்கலங்களின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டிய வீரர், உடல்நலங் கருதி இரு வாரங்கள் ஓட்டத்தினின்றும் நிறுத்தப்பட்டனர். பலர் அவ்வெல்லைக்குச் சற்றே கீழ்ப்பட நிற்கப் பழகிக்கொண்டனர். வீதியோரத்தில் நின்ற இரசிகர் எவ்வளவு கூர்ந்து நோக்கினும் மெய்யான ஏற்றத்தையும் மருந்தினால் நிகழ்ந்த ஏற்றத்தையும் வேறு பிரித்தறிதல் இயலாததாயிற்று.

திரை விலகியது 1998 இல் ஆகும். அவ்வாண்டு யூலை 8 ஆம் நாள், பெஸ்தினா அணியின் பணியாளராகிய வில்லி வூத் என்பவர் மருந்துகள் நிறைந்த ஊர்தியொன்றுடன் பெல்ஜிய எல்லையிற் சுங்க உத்தியோகத்தரிடம் அகப்பட்டார். அணி முழுவதும் ஓட்டத்தினின்றும் விலக்கப்பட்டது. பொலிசார் விடுதிகளைச் சோதனையிட்டனர். வீரர் வீதியில் அமர்ந்து மறியல் செய்தனர். ஓட்டத்தைத் தொடங்கிய 189 பேருள் பரிசு நகரை அடைந்தோர் 96 பேரே. பெஸ்தினா அணியின் தலைவரும், பிரெஞ்சு மக்களின் பேரன்புக்குரியவருமான றிஷார் விராங்க் கண்ணீருடன் தாம் குற்றமற்றவர் என்றார். ஈராண்டுகளின் பின், 2000 ஒக்டோபரில், லீல் நகர நீதிமன்றத்திலே உண்மையை ஒப்புக்கொண்டார். தண்டனைக் காலம் கழிந்து மீண்ட அவர் 2002 இல் வொந்தூ மலைக் கட்டத்தை வென்றபோது, மக்கள் அவரை மீண்டும் வாழ்த்தினர்.

அதே 1998 இல் சுற்றோட்டத்தை வென்றவர் மார்க்கோ பந்தானி என்னும் இத்தாலியர். மலையேற்றத்தில் அவரைப்போன்று காண்போர் உள்ளத்தைக் கவர்ந்தோர் அரியர். 1999 யூன் 5 ஆம் நாள், இத்தாலியச் சுற்றோட்டத்தில் வெற்றி ஏறத்தாழ உறுதியாகியிருந்த நிலையில், அவருடைய குருதியின் அளவு எல்லையைத் தாண்டியமையால் அவர் விலக்கப்பட்டார். அதன்பின் அவர் பழைய நிலையை அடைந்தாரல்லர். 2004 பெப்ரவரி 14 ஆம் நாள் றிமினி நகர விடுதியொன்றில் தனிமையில் இறந்துகிடந்தார். கொக்கெயினே அதற்குக் காரணம் எனப்பட்டது. வயது 34. இத்தாலியச் சுற்றோட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு மலை அவர் பெயராற் சிறப்பிக்கப்படுகின்றது.

இனி, இவ்வரலாற்றின் பெரும் ஏமாற்றத்துக்கு வருவோம். லான்ஸ் ஆம்ஸ்ரோங் என்னும் அமெரிக்கர் 1996 இல் புற்றுநோய்க்கு ஆளானார். நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தும் பிழைத்தெழுந்தார். 1999 முதல் 2005 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து பிரான்சுச் சுற்றோட்டத்தை வென்றார். அவருடைய அறநிலையம் 2004 இல் வெளியிட்ட மஞ்சட் கைப்பட்டிகளைக் கோடிக்கணக்கானோர் அணிந்தனர். துவிச்சக்கரவண்டி ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத நோயாளரும் அவரை எண்ணித் துணிவு கொண்டனர். 2005 இல் பரிசு நகர மேடையில் நின்று, அற்புதங்களில் நம்பிக்கையற்றோருக்காகத் தாம் வருந்துவதாக அவர் கூறினார்.

அவரை ஐயுற்றோர் இல்லாமலில்லை. 1998 விசாரணையின்போது பெஸ்தினா அணியில் மருந்தை மறுத்தவர் எனத் தெரியவந்த கிறிஸ்தோப் பசோன், மறு ஆண்டுச் சுற்றோட்டத்தின்போது மருந்துபற்றிப் பத்திரிகையில் எழுதினார். ஓட்டத்தின் நடுவே ஆம்ஸ்ரோங் அவரை அணுகி, இவ்வாறு பேசுவதாயின் வீடு செல்லலாம் என்றார். ஏனைய வீரரும் அவரோடு பேச்சொழிந்தனர். இரு நாட்களில் பசோன் விலகிச் சென்றார். ஆம்ஸ்ரோங்கின் அணியில் உடல் பிடித்துவிடும் பணி புரிந்த எம்மா ஓறைலி, தாம் கண்டதை 2004 இல் வெளிவந்த ஒரு நூலுக்குக் கூறியமையால் இழித்துரைக்கப்பட்டதோடு வழக்குக்கும் ஆளானார். இலண்டன் ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகை மீதும் ஆம்ஸ்ரோங் மானநட்ட வழக்குத் தொடுத்துப் பணம் பெற்றார். வைத்தியரொருவருக்கு எதிராகச் சாட்சி கூறிய பிலிப்போ சிமெயோனி 2004 இல் ஒரு கட்டத்தில் முந்திச் செல்ல முயன்றபோது, மஞ்சட்சட்டை அணிந்திருந்த ஆம்ஸ்ரோங் தாமே துரத்திச் சென்று அவர் வாய்ப்பைக் கெடுத்தார்.

2012 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 26 பேரின் சாட்சியங்களோடு தன் தீர்ப்பை வெளியிட்டது. அவருள் 11 பேர் ஆம்ஸ்ரோங்கின் முன்னாட் சக அணியினர். அம்மாதம் 22 ஆம் நாள் உலகத் துவிச்சக்கரவண்டிச் சங்கம் அவருடைய ஏழு பட்டங்களையும் நீக்கியது. 2013 சனவரியில் அவர் தொலைக்காட்சியிலே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வேழு பட்டங்களும் வேறெவருக்கும் வழங்கப்படவில்லை. அடுத்து வந்தோருள்ளும் பலர் மாசுபட்டிருந்தமையே காரணம். எனவே சுற்றோட்டத்தின் வெற்றியாளர் பட்டியலில் ஏழாண்டுகள் இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன.

இவ்வளவும் கண்ட பின்னர், இரசிகர் இழந்தது யாது என்னும் முதல் வினாவுக்கு விடை கூறல் எளிதாகும். அவ்விழப்பு மூவகைப்படும்.

முதலாவது, சென்றகால மகிழ்ச்சியின் இழப்பு. திருடப்பட்ட பொருள் அதன் பின்னரே இல்லாமற் போகும். அதனை முன்பு நுகர்ந்த இன்பம் நிலைக்கும். இங்கோ சென்றகாலமே மாறிவிடுகின்றது. 2006 யூலை 20 ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். முதல்நாள் எட்டு நிமிடங்களுக்கு மேல் இழந்து நம்பிக்கையற்றிருந்த புளொயிட் லாண்டிஸ், அன்று தனியராக மலைகளைக் கடந்து ஏறத்தாழ ஆறு நிமிடம் முன்னதாக மொர்சீன் நகரை அடைந்தார். கண்டோர் வியந்து மகிழ்ந்தனர். ஒரு வாரத்துள், அன்றைய பரிசோதனையில் தெஸ்தொஸ்தெரோன் என்னும் ஆண் ஓமோன் பற்றிய குற்றம் வெளிப்பட்டது. மனிதவுறுதியின் சான்று எனப் போற்றிய அந்நாள், எண்ணுந்தோறும் நாணத்தை விளைப்பதாயிற்று. 1996 இல் வென்ற டென்மார்க்கு வீரர் பியார்ன றீஸ், 2007 இல் தமது குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, மஞ்சட்சட்டை வீட்டில் ஒரு பெட்டியிற் கிடக்கின்றது, வந்து எடுத்துச் செல்லலாம் என்றார். சட்டையை எடுத்துச் செல்லலாம். 1996 இல் டென்மார்க்கு மக்கள் கொண்டாடிய அந்நாட்களை எவரிடம் சென்று மீளப்பெறுவது?

இரண்டாவது, நம்பும் ஆற்றலின் இழப்பு. இது குற்றமற்றவரையும் தாக்குவது. 2015 இல் மஞ்சட்சட்டை அணிந்திருந்த கிறிஸ் புறூம் மீது வீதியோரத்தில் நின்ற ஒருவர் சிறுநீரை எறிந்து, மருந்துண்பவன் என ஏசினார். சான்றெதுவும் இல்லாதிருந்தும் பழைய ஏமாற்றம் புதியவர்மேற் பாய்ந்தது. 2023 இல் யோனாஸ் விங்கெகோர் தனிநேர ஓட்டமொன்றில் யாவரும் வியக்கும்படி வென்றபோது, அவரை நோக்கி எழுந்த முதற்கேள்விகளுள் இதுவும் ஒன்று. இவ்விளையாட்டின் கடந்தகாலத்தை நோக்கின் ஐயுறுதல் இயல்பே என்றும், தம் மகளுக்குக் கொடுக்கத் துணியாத எதையும் தாம் உட்கொள்வதில்லை என்றும் அவர் விடையிறுத்தார். நாடளவில் இவ்விழப்பைக் காணவேண்டின் ஜேர்மனியைக் காட்டலாம். 1997 இல் யான் உல்றிக் வென்றபோது அந்நாட்டில் இவ்விளையாட்டின்பால் பேரார்வம் எழுந்தது. மருந்துச் செய்திகள் அடுத்தடுத்து வெளிவந்தமையால் 2007 இல் அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பை இடைநடுவில் நிறுத்தின. ஜேர்மனியச் சுற்றோட்டம் 2008 உடன் நின்று பத்தாண்டுகளின் பின்னரே மீண்டது.

மூன்றாவது, அறியப்படாதவரின் இழப்பு. மருந்தை மறுத்துப் பின்தங்கியவரை இரசிகர் கண்டதேயில்லை. எவரை வாழ்த்தியிருக்கவேண்டுமோ அவர் முப்பதாம் இடத்திலோ, அறுபதாம் இடத்திலோ அமைதியாகக் கடந்து போயிருப்பார். அல்லது மனமுடைந்து வேறு தொழில் தேடியிருப்பார். பட்டங்களை மாற்றி எழுதலாம். 2010 ஆம் ஆண்டின் பட்டம் அல்பேர்த்தோ கொந்தடோரினின்றும் நீக்கப்பட்டு 2012 இல் அண்டி ஷ்லெக்குக்கு வழங்கப்பட்டது. ஆயினும் பரிசு நகர வீதியில் மக்கள் வெள்ளத்தின் நடுவே அவர் பெற்றிருக்கவேண்டிய அந்த ஒரு மாலைப்பொழுதை எச்சங்கத்தாலும் வழங்கவியலாது.

இனி இரண்டாம் வினாவை நோக்குவோம். சிம்சனின் கல்லருகே வணங்குவோரும், பந்தானிக்காக அழுவோரும் ஆம்ஸ்ரோங்கை ஏற்க மறுப்பது ஏன்? மருந்தின் அளவே காரணம் எனல் பொருந்தாது; பந்தானியும் ஆம்ஸ்ரோங்கும் ஒரே காலத்தவர். உயிர் துறந்தோர்க்கு இரங்குதல் மனித இயல்பு என்பது ஓரளவு உண்மை. ஆனால் விராங்க் உயிரோடிருந்தே மன்னிக்கப்பட்டார். தம்மவரை எளிதில் மன்னிக்கும் நாட்டுப்பற்றும் ஒரு காரணமாகலாம். இவை யாவற்றினும் வலியதொரு காரணம் உண்டு என்பது எமது துணிபு. சிம்சனும் பந்தானியும் தாம் செய்த தவறினால் தம்மையே அழித்தனர். விராங்க் பொய் கூறினார். எனினும் உண்மை கூறியோரை வேட்டையாடினாரல்லர். ஆம்ஸ்ரோங்கோ இரசிகரின் நம்பிக்கையையும் நோயாளரின் அன்பையும் கேடயமாகக் கொண்டு, உண்மை கூறியோரை அடித்து வீழ்த்தினார். பசோனையும் ஓறைலியையும் தூற்றுவதற்குத் தம் நம்பிக்கையே கருவியாயிற்று என அறிந்தபோதுதான் இரசிகரின் துயர் சினமாக மாறியது. மக்கள் வலுவின்மையை மன்னிப்பர். தம் அன்பைப் பிறர்க்கெதிரான ஆயுதமாக்கியதை எளிதில் மன்னியார்.

பாரதத்திலே துரியோதனனுக்கும் வீமனுக்கும் நிகழ்ந்த கதாயுத்தத்தைப் பலராமன் காண வந்த செய்தியை நாம் அறிவோம். இருவரும் அவனுக்கு மாணாக்கரே. இடைக்குக் கீழே அடித்தலாகாது என்னும் விதியைக் கடந்து வீமன் தொடையிலே அடித்தபோது, பலராமன் கலப்பையை ஓங்கி எழுந்தான். கௌரவர் செய்த கொடுமைகளை அவன் அறியாதவனல்லன். ஆயினும் காணவந்தவனிடத்தில் ‘இது முறையான போர்’ என்று காட்டப்பட்டது முறையற்றதாய் முடிந்தமையை அவனாற் பொறுத்தல் இயலவில்லை. காண்போரின் சினம் பயனற்ற உணர்ச்சியன்று. விதியின் காவலுள் ஒரு பகுதி அவரிடமும் உள்ளது என்பதற்கு அஃது அடையாளமாகும்.

ஏமாற்றத்தின் பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களையும் இங்கே கூறுதல் முறையாகும். 1998 நிகழ்ச்சிகளின் பின், 1999 இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. 2008 முதல் துவிச்சக்கரவண்டி வீரர் ஒவ்வொருவருக்கும் உயிரியற் கடவுச்சீட்டு என்னும் பதிவேடு பேணப்படுகின்றது. உடலில் மருந்தைத் தேடுவதற்கு மாறாக, ஒருவரின் குருதி அளவுகளை ஆண்டுக்கணக்காகப் பதிந்து, இயல்புக்கு மாறான ஏற்றத்தாழ்வுகளை அவரது பழைய அளவுகளோடு ஒப்பிட்டு அறிவது இம்முறை. மாதிரிகள் பல்லாண்டுகள் சேமிக்கப்பட்டுப் புதிய முறைகளால் மீளவும் சோதிக்கப்படுகின்றன. இவற்றால் முன்னைய பெருங்கேடு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் மிகச் சிறிய அளவுகளில் மருந்தைப் பயன்படுத்துவோர் தப்புதல் கூடும். குற்றமுடைமையைப் பரிசோதனை நிறுவலாம். குற்றமின்மையை முற்றாக நிறுவும் பரிசோதனை எதுவுமில்லை.

அவ்வாறாயின் இரசிகர் எந்நெறியைக் கைக்கொள்வது? எல்லோரும் கள்வரே எனக் கூறி ஒதுங்குவது ஒரு நெறி. அது அறிவுடைமைபோலத் தோன்றினும், நேர்மையாளரையும் கள்வரோடு சேர்த்துத் தண்டிப்பது. எதையும் கேளாது போற்றுவது மற்றொரு நெறி. ஆம்ஸ்ரோங்கை ஏழாண்டுகள் காத்தது அதுவே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு நெறி உண்டு. சான்று இல்லாதவிடத்து எவரையும் பழியாமலும், சான்றோடு பேசுவோரின் வாயை அடைக்க உதவாமலும் இருத்தலே அது. 1999 இல் ஆம்ஸ்ரோங்கின் பெயரை உலகம் அறிந்தது. பசோனின் பெயரை அறிந்தோர் சிலரே. அன்று வீதியோரத்தில் நின்றோர் ஏமாற்றப்பட்டோர் என்பது உண்மை. எனினும் உண்மை கூறிய ஒருவன் தனியனாய் வீடு திரும்பியபோது அவனைத் தடுத்து நிறுத்தும் குரல் அவ்வீதியில் உரக்க எழவில்லை என்பதும் உண்மையே.

கல்லூரி விளையாட்டரங்கில் ஓடும் மாணவர்க்கும், வேலிக்கு வெளியே நின்று கைதட்டும் மாணவர்க்கும் இதிற் பாடம் உண்டு. வெற்றியாளரைப் போற்றுதல் எளிது. முறை தவறாது ஓடிப் பின்வந்தவரையும், முறை தவறியதைக் கண்டு அஞ்சாது கூறியவரையும் மதிக்கப் பழகுதல் அரிது. அரிய அப்பழக்கம் காண்போரிடத்தில் வேரூன்றுமாயின், வஞ்சனையால் வெல்வோனுக்கு அவ்வெற்றியாற் கிடைக்கும் பயன் மிகச் சிறிதாகும். ஏமாந்த இரசிகரின் துயருக்கு மருந்து ஆய்வுகூடத்தில் ஓரளவே உண்டு. எஞ்சியது கைதட்டும் கைகளிலேயே உள்ளது.